வீட்டிலேயே வார்க்கும் கான்கிரீட் நீரூற்று

தோட்டத்து நீரூற்றைப் பிரித்துப் போட்டால் மூன்றே உருப்படிகள்தான். தண்ணீர் தேங்கி நிற்கும் பெரிய கிண்ணம் ஒன்று, அதன் நடுவே ஒரு குட்டைத் தூண், தூணின் தலையில் ஒரு சின்னக் கிண்ணம். கீழ்க் கிண்ணத்தில் மூழ்கிக் கிடக்கும் சிறு பம்ப் தண்ணீரைத் தூணுக்குள் இருக்கும் குழாய் வழியாக மேலே தள்ளும். மேல் கிண்ணம் நிரம்பி வழிந்து, அதே தண்ணீர் மறுபடி கீழே விழும். நர்சரிகளில் விலை சொல்லிப் பயமுறுத்தும் சிங்கமுகமும் தாமரை இதழும் இந்த மூன்றின் மேல் ஏறிய அலங்காரம்தான். ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு குழாய்த் துண்டு, கால் மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணலும் ஜல்லியும் இருந்தால் இவற்றை வீட்டு முற்றத்திலேயே வார்த்துவிடலாம். கை வேலை இரண்டு நாள். காத்திருப்பது மூன்று வாரம். பெரும்பாலான வீட்டு நீரூற்றுகள் கெடுவது அந்த மூன்று வாரத்தைச் சுருக்கப் பார்ப்பதால்தான்.

அச்சில் சிமெண்ட் வார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வித்தையல்ல. சாலையோரப் பட்டறைகளில் கிணற்று உறை, மாட்டுத் தொட்டி, துளசி மாடம், வேலிக் கல்தூண் என்று வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பவை எல்லாமே இரும்பு அச்சில் எண்ணெய் தடவி, கலவையைக் குத்தி இறக்கி, மறுநாள் திறந்து எடுத்தவை. கம்பி வைத்த கான்கிரீட்டின் வரலாற்றிலேயே தோட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. பாரிஸில் தோட்டக்காரராக இருந்த ஜோசப் மோனியே, மண் தொட்டி உடைகிறது, மரத் தொட்டி மக்குகிறது என்று சலித்துப்போய், இரும்புக் கம்பி வலையைச் சிமெண்டுக்குள் புதைத்துச் செடித் தொட்டி செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே குழாய்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் வாங்கினார். அவருக்கு முன்பே லாம்போ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே முறையில் படகு கட்டியிருந்தார். ஆனாலும் பாலம், உத்தரம் என்று அந்த யோசனை தொழிலாக வளர்ந்தது மோனியேயின் காப்புரிமைகள் வழியாகத்தான்.

அளவைத் தீர்மானிக்க வேண்டியது கண் அல்ல, தண்ணீர். விழும் தண்ணீர் தெறிக்கும். மேல் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கீழே தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு உயரமோ, அதில் பாதியாவது கீழ்க் கிண்ணம் சுற்றிலும் வெளியே நீண்டிருக்க வேண்டும். 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் பக்கத்துக்கு 10 செ.மீ. இடம். இதைக் கணக்கில் எடுக்காமல் உயரமான தூணையும் சிறிய அடிக் கிண்ணத்தையும் சேர்த்தவர்கள் தினமும் தரையைத் துடைத்துக்கொண்டும் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருப்பார்கள். முதல் முயற்சிக்கு ஏற்ற அளவு இது: கீழ்க் கிண்ணம் வெளிவிட்டம் 60 செ.மீ., உயரம் 20 செ.மீ., உள்விட்டம் 50 செ.மீ.; மேல் கிண்ணம் விட்டம் 30 செ.மீ., உயரம் 10 செ.மீ.; தூண் 25 செ.மீ. உயரம். இந்த மூன்றும் சேர்ந்து சுமார் 62 கிலோ வரும். தண்ணீரும் சேர்ந்தால் 80 கிலோ. மொட்டை மாடியில் வைப்பதானால் தளத்தின் நடுவில் வைக்காமல், அடியில் சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரமாக வைப்பது நல்லது.

அச்சுக்குக் கடையில் தேட வேண்டியதில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் வாங்கும் பிளாஸ்டிக் பாத்திரங்களில் வாய் அகன்று அடி குறுகியவை எல்லாமே நல்ல அச்சுகள். அந்தச் சரிவு முக்கியம். வாயும் அடியும் ஒரே அளவாக இருந்தாலோ, நடுவில் வயிறு பருத்திருந்தாலோ வார்ப்பு வெளியே வராது. அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கிண்ணம் வார்க்க ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு பேசின்கள் வேண்டும். பெரியது வெளி அச்சு, சின்னது உள் அச்சு, இடையில் நிற்கும் 4, 5 செ.மீ. இடைவெளிதான் கான்கிரீட் சுவர். தூணுக்கு 6 இஞ்ச் பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு போதும். அதை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி நிறுத்த வேண்டும். கான்கிரீட் இறுகியதும் கம்பியை அவிழ்த்தால் குழாய் தானாக விரிந்து கழன்றுவிடும்.

கான்கிரீட் தான் தொட்ட பரப்பை அப்படியே நகலெடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. பேசினின் அடியில் நிறுவனத்தின் பெயர் புடைத்திருந்தால் அது நீரூற்றிலும் தலைகீழாகப் பதியும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தால் வழவழப்பு, மரப்பலகையில் வார்த்தால் மரத்தின் ரேகை. ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்புக்கும் இதுதான் காரணம். அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து வார்க்கிறார்கள். மெருகு ஏற்றும் இயந்திரம் எதுவும் இல்லாமலே கண்ணாடியின் மினுக்கம் சிமெண்டுக்கு வந்துவிடுகிறது. கீறல் விழுந்த பழைய பேசினை அச்சாக்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேசின் முறை பிடிக்காதவர்களுக்கு அச்சே இல்லாத ஒரு வழி உண்டு. அழகில் அது ஒரு படி மேல். ஈர மணலைக் கவிழ்த்த தட்டு போலக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, பெரிய சேப்பங்கிழங்கு இலை ஒன்றை நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே தெரியும்படி அதன் மேல் கவிழ்த்து வைப்பார்கள். ஜல்லி இல்லாத கெட்டியான சிமெண்ட் கலவையை இலையின் மேல் நடுவில் 3 செ.மீ., ஓரத்தில் 1 செ.மீ. கனத்துக்கு அப்பி, கனம் நிரம்பும்போது நடுவே கோழி வலையில் ஒரு துண்டைப் பதிப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பி இலையை உரித்தால், ஒவ்வொரு நரம்பும் பள்ளமாகப் பதிந்த கல் இலை கையில் இருக்கும். இப்படி மூன்று நான்கு இலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக நிறுத்தினால் தண்ணீர் அந்த நரம்புகள் வழியாகவே வழிந்து இறங்கும். மேல் கிண்ணத்துக்குப் பதில் இப்படி ஒரு இலையை வைத்தாலும் பொருந்தும். வாழை இலை இதற்கு ஆகாது. அதன் நரம்புகள் மிக மெல்லியவை, பதியாது.

பொருள்களில் முதலில் சிமெண்ட். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டே இந்த வேலைக்கு நல்லது. அதில் கலந்திருக்கும் நிலக்கரிச் சாம்பல், சிமெண்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதனால் பின்னால் வெள்ளையாக உப்புப் பூப்பது குறையும். வலிமை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் நீரூற்று வேலைக்கு யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. 53 கிரேடு சிமெண்ட் சீக்கிரம் சூடேறி இறுகும். மெல்லிய சுவரில் வெடிப்புக்கு வழி செய்யும். வெள்ளை வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்ட், நிறம் வேண்டுமானால் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு போன்ற இரும்பு ஆக்சைடு பொடிகள். பொடி சிமெண்ட் எடையில் 5 சதவீதம் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் கொட்டினால் நிறம் கூடாது, வலிமைதான் குறையும்.

மணலுக்கு, கான்கிரீட்டுக்கென்று விற்கும் எம்-சாண்ட். கடல் மணல் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் வலையைத் துருப்பிடிக்க வைத்து, சில வருடங்களில் கிண்ணத்தைப் பிளந்துவிடும். ஜல்லியில் வீட்டுத் தளத்துக்குப் போடும் முக்கால் ஜல்லி இங்கே நுழையாது. 5 செ.மீ. சுவருக்குள் வலையும் போய், அதன் இரு பக்கமும் கலவை இறங்க வேண்டும் என்பதால், 6 மி.மீ. அளவுள்ள சிப்ஸ் ஜல்லி. கலவைக்கும் குடிக்கத் தகுந்த தண்ணீர்தான். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் தேடி அலைய வேண்டாம். வெளி அச்சில் விளிம்பு வரை எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து, உள் அச்சில் பிடிப்பதை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் கான்கிரீட்டின் அளவு. மேலே சொன்ன அளவுள்ள பேசின்களில் வெளியில் 41 லிட்டரும் உள்ளே 23 லிட்டரும் பிடிக்கும். ஆகவே 18 லிட்டர். சிந்துவதற்கும் சேர்த்து 20 லிட்டர். பொடியாக இருக்கும் சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீர் சேர்ந்ததும் ஒன்றின் இடுக்கில் மற்றொன்று புகுந்து கனஅளவு சுருங்கும் என்பதால், 20 லிட்டர் கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள் சுமார் 31 லிட்டர் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்கு இரண்டு என்ற விகிதத்தில் சிமெண்ட் 6 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 9 கிலோ; மணல் 12 லிட்டர்; சிப்ஸ் 12 லிட்டர். தண்ணீர் 4 லிட்டர்.

அந்த 4 லிட்டரைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரும். கலக்க ஆரம்பித்ததும் கலவை வறண்டு கிடக்கும். இன்னொரு சொம்பு ஊற்றக் கை துடிக்கும். ஊற்றக் கூடாது. சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிவதால். அந்த வினைக்குத் தேவையானதற்கு மேல் ஊற்றிய தண்ணீர் உள்ளேயே தங்கி, பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுப் போகும். தண்ணீர் தாங்க வேண்டிய கிண்ணத்தில் துளை என்றால் கசிவு. சிமெண்ட் எடையில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பதம் தெரிந்துகொள்ள ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். கையைத் திறந்தால் பிடி கொழுக்கட்டை போல உருக்குலையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகியிருக்க வேண்டும். புட்டு மாவு போல உதிர்ந்தால் தண்ணீர் போதாது. இட்லி மாவு போல விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். கையுறை போடாமல் இந்தச் சோதனை செய்யக் கூடாது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உள்ளது; வேலை நடக்கும்போது எதுவும் தெரியாது, ராத்திரி விரல் நுனிகள் எரியும்.

வார்க்கும் முன் அச்சுகளின் கான்கிரீட் படும் பக்கங்களில் மெல்லியதாக எண்ணெய் தடவ வேண்டும். சென்ட்ரிங் வேலையில் பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவது வழக்கம். அது கறை விடும், மீன் விடுவதாக இருந்தால் தண்ணீரையும் கெடுக்கும். சமையல் எண்ணெயே போதும். தோசைக்கல்லுக்குத் தடவுவது போல, துணியில் தொட்டுத் துடைத்த மாதிரி இருந்தால் சரி. தேங்கி நின்றால் அந்த இடம் குழிகுழியாக வரும்.

இனி, பலர் எதிர்பாராத ஒரு சங்கதி. கெட்டியாகத் தெரிந்தாலும் புதுக் கான்கிரீட்டும் ஒரு திரவம்தான். அதற்குள் காலி பேசினை அமுக்கினால், தண்ணீரில் குடம் மிதப்பது போல அது மேலே எழும்பும். 23 லிட்டர் இடத்தை அடைக்கும் உள் அச்சை, தண்ணீரைவிட 2.4 மடங்கு கனமான கான்கிரீட் சுமார் 55 கிலோ விசையோடு மேலே தள்ளப் பார்க்கும். கெட்டிக் கலவையில் இவ்வளவு வராது என்றாலும், வெறும் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் முதலில் வெளி அச்சின் அடியில் 4 செ.மீ. கனத்துக்குக் கலவை போட்டுத் தட்டிச் சமமாக்குவார்கள். அதன் மேல் உள் அச்சை நடுவாக வைத்து, அதில் ஈர மணலை நிரப்பி, மேலே ஐந்தாறு செங்கல்லையும் அடுக்கிவிடுவார்கள். மணல் இன்னொரு உதவியும் செய்கிறது; மெல்லிய பேசின் உள்பக்கமாக நசுங்காமல் தாங்கும்.

வலையை அடிக் கலவை பாதி கனம் ஆனதும் வைக்க வேண்டும். கோழி வலையைக் கிண்ணத்தின் வடிவத்துக்கு வெட்டி மடக்கி, சுவரின் சரிநடுவில் வருமாறு நிறுத்த வேண்டும். எந்த இடத்திலும் அச்சைத் தொடக் கூடாது. இரும்பின் மேல் 2 செ.மீ. கான்கிரீட்டாவது மூடியிருந்தால்தான் துரு அண்டாது. பிறகு சுவர் இடைவெளியில் கலவையைக் கைப்பிடி கைப்பிடியாக இறக்கி, ஒரு கம்பியால் குத்திக்கொண்டே வர வேண்டும். ஒரு அடுக்கு நிரம்பியதும் வெளி அச்சைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். தட்டத் தட்ட மேலே காற்றுக் குமிழ்கள் வந்து உடையும். சிமெண்ட் பால் பளபளவென்று மேலே ஏறும். குமிழ் வருவது நின்றதும் தட்டுவதும் நிற்க வேண்டும். அளவுக்கு மேல் தட்டினால் ஜல்லி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டவே இல்லை என்றால் அச்சைத் திறந்ததும் தேன்கூடு போலப் பொந்துகள் காத்திருக்கும்.

பம்பின் வயர் வெளியே வர எங்கே வழி விடுவது? கிண்ணத்தின் அடியில் துளை போடுவதுதான் முதலில் தோன்றும், அதுதான் பின்னால் முதலில் ஒழுகும். பி.வி.சி. வழவழப்பானது, கான்கிரீட்டோடு ஒட்டாது. குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளையே வேண்டாம். விளிம்பில் விரல் கனத்துக்கு ஒரு பள்ளம் விட்டு, வயரை அதன் வழியாக வெளியே எடுத்தால் ஒழுகல் பிரச்சினையே எழாது. வடிகால் துளை வேண்டியே தீரும் என்பவர்கள், குழாய்த் துண்டின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பி.வி.சி. ஒட்டும் சால்வெண்ட் தடவி, அது உலரும் முன் மணல் தூவிக்கொள்ள வேண்டும். அந்தச் சொரசொரப்பைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும்.

தூணில் மட்டும் நடுவே ஒரு குழாய் அவசியம். மின்வேலைக்குப் பயன்படும் 20 மி.மீ. குழாயை நிறுத்தி, அடியில் ஒரு வளைவை மாட்டி, அதன் வாய் தூணின் பாதத்தில் பக்கவாட்டில் திறக்குமாறு வைத்து வார்க்க வேண்டும். பம்பின் ரப்பர் குழாய் இதற்குள் ஏறிப் போகும். ரப்பர் குழாயையே கான்கிரீட்டில் புதைத்துவிட்டால், அது ஒருநாள் கிழியும்போது தூணையே உடைக்க வேண்டிவரும். மேல் கிண்ணத்தின் நடுவிலும் இதே குழாயின் துண்டு ஒன்று வைத்து வார்க்க வேண்டும். அதன் வாய் மேல் கிண்ணத்தின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நின்றால், பம்பை நிறுத்தும்போது மேல் கிண்ணத்துத் தண்ணீர் திரும்பிக் கீழே வடியாது.

24 மணி நேரம் ஆனதும் முதலில் மணலை அள்ளிவிட்டு உள் அச்சை எடுக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்களின் கிண்ணம் விளிம்பில் உடைகிறது. வெளி அச்சு எளிதாகக் கழலும். உள் அச்சை, சுருங்கும் கான்கிரீட் இறுக்கிப் பிடித்திருக்கும். விளிம்பில் நெம்பக் கூடாது. வார்க்கும் முன்பே உள் பேசினின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டு டேப்பால் மூடி வைத்திருந்தால், இப்போது டேப்பை நீக்கிச் சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றலாம். ‘டப்’ என்ற சத்தத்தோடு பேசின் எழும்பும். ஒரு நாள் வயதுள்ள கான்கிரீட் கல் அல்ல. நகத்தால் கீறினால் கோடு விழும். சொரசொரப்பான விளிம்பைத் தேய்க்கவும், மேல் கிண்ணத்தின் விளிம்பில் வழிவாய் வெட்டவும் இதுதான் ஏற்ற வேளை.

அந்த வழிவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படங்களில் தண்ணீர் கிண்ணத்தைச் சுற்றிலும் கண்ணாடித் திரை போல விழுவதைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். திரை போல விழ, விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். 30 செ.மீ. கிண்ணத்தின் சுற்றளவு 94 செ.மீ.; கணக்குப் போட்டால் மணிக்கு 14,000 லிட்டர். மீன்தொட்டி பம்ப் தருவது ஆயிரம் சொச்சம். ஆகவே விளிம்பில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று வாய்கள் வெட்டி, தண்ணீரை அவற்றின் வழியே மட்டும் விடுவது நல்லது. 700 லிட்டருக்குள் மூன்று தெளிவான ஓடைகள் கிடைக்கும், சத்தமும் இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் அடியில், விளிம்பின் கீழ்ப்பக்கம், ஒரு கோடு பள்ளம் கீறிவிட வேண்டும். இல்லையென்றால் டீயை மெதுவாகச் சரிக்கும்போது தம்ளரின் வெளிப்பக்கமாகவே வழிந்து வருமே, அதுபோலத் தண்ணீர் கிண்ணத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தூண் வரை நழுவி வரும். ஜன்னல் சன்ஷேடின் அடி ஓரத்தில் கொத்தனார்கள் பள்ளம் இழுப்பதும் மழைத் தண்ணீர் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டி விழத்தான்.

கலக்கும்போது எண்ணி ஊற்றிய தண்ணீரை இப்போது கணக்கில்லாமல் ஊற்றலாம். நீராற்றும்போது ஈரம் தீர்ந்துபோனால் சிமெண்டின் வினை பாதியில் நின்றுவிடும். சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாளும் குறைந்தபட்சம் என்று இந்திய தர நிர்ணயம் சொல்கிறது. நீரூற்றுக்கு மூன்று வாரம் கொடுப்பதில் நஷ்டமில்லை. இரண்டாம் நாள் முதல் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறம் ஈரச் சாக்கைச் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். கசிவு எங்கே என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வெளிச்சுவரில் ஈரக் கறை தெரியும் இடத்தில், பிறகு உள்பக்கமாக நீர்க்காப்பு ரசாயனம் கலந்த சிமெண்ட் பாலை இரண்டு பூச்சு பூச வேண்டும்.

கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் சில நாளில் வெள்ளையாகக் கலங்கி, மேலே ஆடை போலப் படியும். கான்கிரீட்டிலிருந்து வெளியேறும் சுண்ணாம்பு அது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். இந்தத் தண்ணீரில் மீனை விட்டால் சாகும், செடிக்கு ஊற்றினாலும் நல்லதல்ல. எப்போது சரியாகிறது என்று பார்க்கக் கருவி வேண்டாம். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். தாள் சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் தீர்ந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான்.

நிறுத்தும் நாளில் வேண்டிய ஒரே கருவி ரசமட்டம். மேல் கிண்ணம் ஒரு பக்கம் 2 மி.மீ. சாய்ந்தாலும் தண்ணீர் மூன்று வாய்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் காயப் போட்டுவிடும். முதலில் தரையைக் கெட்டிப்படுத்தி, கீழ்க் கிண்ணத்தை மட்டம் பார்த்து, பிறகு தூண், பிறகு மேல் கிண்ணம். மேல் கிண்ணத்தைச் சிமெண்ட் வைத்து நிரந்தரமாக ஒட்டாமல், தூணின் தலையில் சிலிகான் பசையை மூன்று இடத்தில் வைத்து உட்கார வைப்பது உத்தமம். அதன் மேல் தண்ணீர் ஓட விட்டு, விரலால் லேசாக அழுத்தி அழுத்தி மூன்று வாயும் சமமாக ஓடும் வரை சரிசெய்யலாம். ரசமட்டத்தைவிடத் தண்ணீர் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

பம்ப் இல்லாத காலத்தில் நீரூற்றின் உயரத்தைக் கொடுத்தது மேட்டிலிருந்த தொட்டி. தாஜ்மஹாலின் ஊற்றுகளுக்கு யமுனைத் தண்ணீரை மாடுகளைக் கொண்டு ஏற்றி, உயரத் தொட்டிகளில் தேக்கி, அங்கிருந்து இறக்கினார்கள். இன்றைக்கு அந்த வேலையை 18 வாட் பம்ப் செய்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘மணிக்கு 1,100 லிட்டர்’ என்பது பம்ப் தண்ணீரை உயர்த்தாமல் இருக்கும்போது தருவது, ‘1.8 மீட்டர் ஹெட்’ என்பது அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாத உயரம். நம் நீரூற்றில் தண்ணீர் ஏற வேண்டியது அரை மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்த அளவு பம்ப் தாராளம். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு வாரம் வரும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய பம்ப், அதில் கை விடும் மனிதர் என்ற சேர்க்கைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்புதான் தேவை. பிளக் கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; வயர் நேராக பிளக்குக்குப் போகாமல் ஒருமுறை கீழே தொங்கிப் பிறகு ஏற வேண்டும், வயரோடு வரும் தண்ணீர் அந்த அடிவளைவிலேயே சொட்டிவிடும். 12 வோல்ட் பம்ப் கிடைத்தால் இந்தக் கவலையில் பாதி தீரும். எதுவானாலும் கிண்ணத்தைச் சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஓட ஆரம்பித்தபின் வேலை அதிகமில்லை. கோடையில் நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும். தண்ணீர் குறைந்து பம்ப் வெறுமே சுற்றினால் கருகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு கிண்ணத்திலேயே தங்கும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வழிவாய்களில் வெள்ளைப் படிவு சீக்கிரம் ஏறும். வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போகும். ஆசிட் ஊற்றினால் கான்கிரீட்டும் சேர்ந்து கரையும். பம்பின் வாயில் உள்ள பஞ்சை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடாது, ஆனால் பம்பை நிறுத்தி ஒரு வாரம் ஊருக்குப் போனால் அதே கிண்ணம் டெங்குக் கொசுவுக்குப் பண்ணை. புறப்படும் முன் தண்ணீரை இறைத்து, கிண்ணத்தைத் துடைத்துக் காயவிட வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், திரும்பி வந்ததும் உள்சுவரை நாரால் ஒருமுறை தேய்த்த பிறகே நிரப்ப வேண்டும்.

தவழும், தத்தி நடக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் 15 செ.மீ. தண்ணீரும் ஆழம்தான். அங்கே கீழ்க் கிண்ணத்தில் பம்பின் மேல் ஒரு சல்லடைக் கூடையைக் கவிழ்த்து, கிண்ணம் முழுக்கத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும் வரை கூழாங்கற்களை நிரப்பிவிடுங்கள்.